பை கொடுத்தார்கள், தராசு எங்கே?

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மொட்டை மாடியில் காய்கறி வளர்க்கத் தேவையான பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி, மானிய விலையில் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘நீங்களே செய்து பாருங்கள்’. பின்னர் அது மற்ற ஊர்களுக்கும் பரவியது. 2021இல் ‘முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டம்’ என்ற பெயரில் புதிய வடிவம் பெற்றது. 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தொகுப்பு அப்போது 225 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு வளர்ப்புப் பைகள், தென்னை நார்க் கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய், ஒரு கையேடு ஆகியவை அதில் இருந்தன.

திட்டத்தின் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய பெயர்தான். ‘செய்து பார்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் செய்வது ஒன்று, பார்ப்பது ஒன்று. செய்வதற்கு வேண்டியதெல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. பார்ப்பதற்கு வேண்டியது ஒன்றுகூட இல்லை. ஒரு தராசு, ஒரு வெப்பமானி, அளவுக்கோடு போட்ட ஒரு குவளை, ஒரு நோட்டு ஆகிய நான்கும் இல்லாமல் மாடித்தோட்டம் போடுகிற மாணவன் செடி வளர்க்கலாம். ஆனால் செடியைப் பற்றி அவன் தெரிந்துகொள்வது குறைவு. இதுதான் என் குறை. இயற்பியல் ஆசிரியனுக்கு எதைக் கண்டாலும் அளக்கத் தோன்றும் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. வீட்டுத் தோட்டம் போட்டால் காய்கறிக் கடைக்கே போக வேண்டாம் என்று பலர் மேடையில் பேசுகிறார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு நாள் ஒன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 1.6 கிலோ, ஆண்டுக்கு 584 கிலோ. இப்போது நம் ஆறு பைகளைப் பார்ப்போம். ஒரு பைக்கு ஒரு பருவத்தில் 2 கிலோ, ஆண்டுக்கு மூன்று பருவம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 36 கிலோ. அதாவது 22 நாள் சமையல். மீதி 343 நாளும் கடைக்குப் போகத்தான் வேண்டும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். 22 நாள் காய்கறி என்பது ஏளனத்துக்குரியது அல்ல. அதோடு, கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கீரையும் பறித்த சில நிமிடங்களில் சட்டிக்குப் போவதன் சுவை இந்தக் கணக்கில் வராது. ஆனால் ‘பணம் மிச்சமாகும்’ என்ற ஒரே காரணத்துக்காகத் தோட்டம் போடுகிறவர்கள், முதல் வருடக் கணக்கைப் பார்த்ததும் பைகளை மாடியின் மூலையில் சுருட்டிப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே அப்படிச் சுருண்டு கிடக்கும் பைகளை நான் பார்த்திருக்கிறேன்.

2023ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? அந்த ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்றது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிச் சந்தை விலையை நாளிதழ்கள் தங்கத்தின் விலை போல வெளியிட்டன. உடனே வீட்டுக்கு வீடு தக்காளி விதைக்கத் தொடங்கினார்கள். தக்காளி விதைத்து நாற்றாகி, எடுத்து நட்டு, பூத்துக் காய்த்துப் பழுக்க மூன்று மாதமாவது ஆகும். செப்டம்பரிலேயே விலை சரிந்துவிட்டது. விவசாயிகள் பழத்தைச் சாலையோரம் கொட்டிய படங்கள் வந்தன. வீட்டுச் செடி காய்க்கும்போது தெருவில் தக்காளி மலிந்து கிடந்தது. அலைகளைப் பற்றிப் படிக்கும்போது ‘கட்ட வேறுபாடு’ என்று ஒன்றைப் படிப்பீர்கள். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே விலைக்காக வேண்டாம். வேறு எதற்காக? ஆறு பைகள் உங்கள் வீட்டு மாடியில் இருக்கின்றன என்றால், நல்ல ஆய்வுக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது என்று பொருள். சூரிய ஆற்றல், ஆவியாதல், வெப்பக் கடத்தல், எடை என்று பாடப் புத்தகத்தில் நீங்கள் படிக்கும் பாதி இயற்பியல் அங்கே தினமும் நடக்கிறது.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ‘தினமும் தேவையான அளவு நீர் ஊற்றவும்’ என்று சொல்லிவிடுவது எளிது. தேவையான அளவு என்ன? 30 செ.மீ. விட்டமுள்ள பையின் வாய்ப் பரப்பைக் கண்டுபிடியுங்கள். (இந்தப் பைக்கு அந்தப் பை, அதாவது 22/7, வேண்டும்.) 15 செ.மீ. ஆரத்துக்கு ஏறக்குறைய 707 சதுர செ.மீ., அதாவது 0.07 சதுர மீட்டர். மேகமில்லாத கோடை நாளில் நம் பகுதியில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 6 கிலோவாட் மணி, அதாவது 21.6 மெகா ஜூல். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகா ஜூல் வேண்டும். ஆற்றல் முழுவதும் ஆவியாக்கவே செலவானாலும் சதுர மீட்டருக்கு 9 லிட்டர்தான். பையின் வாய்க்குக் கணக்கிட்டால் 600 மில்லிக்குச் சற்று மேல்.

நாற்று சிறிதாக இருக்கும்போது இதற்கு மேல் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் கத்தரிச் செடி வளர்ந்து அரை மீட்டர் விட்டத்துக்கு இலை விரித்துவிட்டால், வெயிலைப் பிடிக்கும் பரப்பு பையின் வாய் அல்ல, இலைக் குடைதான். அது கிட்டத்தட்ட 0.2 சதுர மீட்டர். அப்போது கணக்கு ஒன்றே முக்கால் லிட்டராகிறது. பையின் பக்கவாட்டில் அடிக்கும் வெயிலும், அனல் காற்று கொண்டுவரும் வெப்பமும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நம் வீடுகளில் நடப்பது என்ன? சின்ன நாற்றுக்கும் பெரிய செடிக்கும் ஒரே அளவு. ஆறு பைகளுக்கு ஒரு குடம் என்றால், 15 லிட்டர் குடத்தில் பைக்கு இரண்டரை லிட்டர். நாற்றுப் பருவத்தில் அதில் பெரும்பகுதி அடியில் வழிந்து ஓடுகிறது. வெறும் நீராக ஓடினாலும் பரவாயில்லை. நீங்கள் போட்ட எருவின் சத்தைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு மாதத்தில் இலை மஞ்சளானதும் ‘மண் சரியில்லை’ என்று கடைக்கு ஓடி இன்னொரு உரப் பொட்டலம் வாங்குகிறோம்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். எடை போட்டுப் பாருங்கள். பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரும்பாலானவை 10 கிராம் வரை காட்டும். நனைந்த பெரிய பையைத் தினமும் தூக்குவது உங்கள் முதுகுக்கு ஆகாது. பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு செடியை எடைக்கென்றே வையுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. குறைந்த எடை கிட்டத்தட்ட முழுவதும் நீர்தான். செடி தன் உடம்பில் ஒரு கிராம் உலர்ந்த பொருளைச் சேர்க்க 300 முதல் 600 கிராம் வரை நீரை ஆவியாக விடுகிறது. ஆகவே செடி வளர்ந்ததால் கூடிய எடை உங்கள் தராசில் தெரியவே தெரியாது.

இப்படி எடை போட்டவர்கள் சாமானியர்கள் அல்லர். பிரசெல்ஸ் நகரத்தவரான வான் ஹெல்மான்ட், 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். மழைநீரோ வடித்த நீரோ தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து மரம் 169 பவுண்டு 3 அவுன்ஸ். மண்ணை உலர்த்தி எடை போட்டார். குறைந்தது 2 அவுன்ஸ்தான், நம் கணக்கில் 57 கிராம். செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின், 1648இல் இது அச்சில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ‘காஸ்’ என்ற சொல்லையே உலகுக்குக் கொடுத்தவர் அவர்தான்; கரி எரியும்போது வரும் வாயுவை ஆராய்ந்தவரும் அவர்தான். அந்த வாயுதான் மரத்தின் உடம்பாகிறது என்பது அவருக்குப் புலப்படவில்லை. அளவு சரியாக இருந்தது. அதற்குச் சொன்ன விளக்கம் பாதிதான் சரி. அளவைச் சரியாக எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்கள் திருத்த முடிந்தது.

லண்டனுக்கு அருகே டெடிங்டன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், 1724 கோடையில் இன்னும் நுட்பமாகச் செய்தார். மூன்றரை அடி உயரச் சூரியகாந்திச் செடியின் தொட்டி வாயை ஈயத் தகட்டால் மூடினார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகப் போக வழியில்லை. போனால் இலை வழியாகத்தான் போக வேண்டும். 15 நாள் காலையும் மாலையும் எடை போட்டார். பகல் வேளையில் சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ் குறைந்தது. அதாவது 570 கிராம் அளவு. நீங்கள் ஈயத் தகடு தேட வேண்டாம். பால் பாக்கெட்டுகளை வெட்டி ஒட்டி, தண்டைச் சுற்றி நூலால் கட்டினால் போதும். 300 ஆண்டுக்கு முன் ஒரு பாதிரியார் தொட்டிச் செடியில் செய்ததை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஏன் செய்யக் கூடாது?

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு தனி விஷயம் இருக்கிறது. மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர்கள் என்று வானொலி சொல்லும் பட்டியலில் வேலூரோடு திருத்தணியும் அடிக்கடி இடம்பெறும். தணிகை மலையும் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடுவதை, மாலையில் அடிவாரத்தில் நடப்பவர்கள் கன்னத்தில் உணரலாம். பகல் 35 டிகிரியும் இரவு 25 டிகிரியும் தாண்டி வெப்பம் நீடித்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து, பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். விதைப் பொட்டலத்துக்கு மாதமும் தெரியாது, ஊரும் தெரியாது. ஊட்டிக்கும் திருத்தணிக்கும் ஒரே கையேடு என்றால், சித்திரையில் தக்காளி நட்ட வீட்டில் பூ உதிர்வதும், ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று வீட்டுக்காரம்மா வருந்துவதும்தான் மிச்சம். கைராசியல்ல, வெப்பமானிதான் அங்கே பேச வேண்டும்.

அதே வெயிலில் தண்டுக்கீரை தளதளவென்று வளரும். காரணம் உண்டு. கீரை இனத்தில் இது, கரும்பையும் சோளத்தையும் போல, கரியமில வாயுவை இலைக்குள் செறிவாக்கிக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்யும் வகை. இலைத் துளைகளை அதிகம் திறக்காமலே வேலை நடப்பதால், ஒரு கிராம் வளர்ச்சிக்குத் தக்காளி செலவழிக்கும் நீரில் ஏறக்குறைய பாதி அதற்குப் போதும். ஒரு டப்பாவில் தக்காளி, இன்னொன்றில் தண்டுக்கீரை வைத்து ஹேல்ஸ் முறையில் எடை போடுங்கள். கடைசியில் செடிகளை வேரோடு எடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்து எடை காணுங்கள். மொத்தம் செலவான நீரை அந்த எடையால் வகுத்தால் வரும் எண், எந்தக் கையேட்டிலும் இல்லாத, உங்கள் மாடிக்கே உரிய எண்.

பையின் நிறத்தையும் விடக் கூடாது. கறுப்புப் பை மேற்கு வெயிலில் எவ்வளவு சூடாகிறது? ஒரு பையை அப்படியே விடுங்கள். ஒன்றுக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். ஒன்றில் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். பக்கத்தில் ஒரு மண் தொட்டி. பிற்பகல் மூன்று மணிக்கு நான்கிலும் ஒரே ஆழத்தில், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் வெப்பமானியைச் செருகுங்கள். மண் தொட்டி, பானைத் தண்ணீரைப் போலவே, வேர்வை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் நீர் செலவாகும். குளிர்ச்சி வேண்டுமா, நீர்ச் சிக்கனம் வேண்டுமா என்பதை அளந்தவன்தான் முடிவு செய்ய முடியும்.

தராசு கையில் இருக்கும்போது மாடித் தளத்தையும் நினையுங்கள். நாம் கணக்கிட்ட பை 30 செ.மீ. உயரம் இருந்தால் அதில் 21 லிட்டர் கொள்ளும். நனைந்த மண் நிரப்பினால் 38 கிலோ வரை போகும். தென்னை நார்க் கழிவு கலந்தால் அதில் பாதிதான். மாடித் தளங்களைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ கூடுதல் பாரம் தாங்கும்படி கட்டுவது வழக்கம். மண் பை நான்கை நெருக்கி வைத்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். பழைய கட்டை உத்தர மாடி என்றால் கொத்தனாரைக் கேட்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

‘செடிக்குக் கூடவா கணக்கு? பாட்டி விரலை மண்ணில் விட்டுப் பார்த்தே தண்ணீர் ஊற்றவில்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பாட்டியின் விரல் நல்ல கருவி. பல வருடப் பழக்கம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த அறிவு அவரோடு நின்றுவிடுகிறதே! அதற்கும் வழி உண்டு. தினமும் காலையில் பாட்டி விரல் வைத்து, ‘இன்றைக்கு வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்று சொல்லட்டும். நீங்கள் அவருக்குத் தெரியாமல் அன்றைய எடையை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில், எந்த எடைக்குக் கீழே பாட்டி ‘வேண்டும்’ என்கிறார் என்பது தெரிந்துவிடும். பாட்டியின் விரல் உங்கள் நோட்டில் ஏறிவிட்டது என்று பொருள். எங்கள் ஊரில் பாதிப் பாட்டிமார் பீர்க்கங்காயைப் ‘பீரகாய’ என்றும் கத்தரியை ‘வங்காய’ என்றும் சொல்பவர்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தானே. தெலுங்கில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் நோட்டில் விழும் எண் ஒன்றுதான்.

இனி, பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். தெர்மோகோலில் செய்த ‘எதிர்கால விவசாயம்’ மாதிரி ஒன்று, விளக்குகள் மின்ன, முதல் பரிசு பெற்றது. கடையில் செய்து வாங்கியது என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரு மூலையில், வெண்டைச் செடியின் உயரத்தை 40 நாள் அளந்து கட்டத்தாளில் வரைந்திருந்த பெண் நின்றிருந்தாள். அவள் மேசை அருகே யாரும் நிற்கவில்லை. வெண்டையின் வளர்ச்சி ஒரு வாரம் ஏன் நின்றது என்று கேட்டேன். ‘அந்த வாரம் மழை மூட்டம், ஐயா, வெயிலே இல்லை’ என்றாள். அந்த ஒரு பதிலுக்கு மின்னும் மாதிரி பத்து ஈடாகாது என்பேன்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஆறு பைகளை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்கு வர முடியாது. அசோஸ்பைரில்லம் பொட்டலத்தைப் பாருங்கள். அதில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள்; சூடான அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால் இறந்துவிடும். உங்கள் பொட்டலம் வேலை செய்கிறதா என்று அறிய மூன்று பையில் போட்டு, மூன்று பையில் போடாமல் விடுகிறீர்கள். போட்டவற்றில் ஒரு செடி நோஞ்சானாகப் பிறந்திருந்தால் முடிவே மாறிவிடும். இரண்டு செடி ஒன்று போல வளராது. ஒரு தாய்ப் பிள்ளைகளே ஒன்று போல வளர்வதில்லை. ஆனால் ஒரு வகுப்பில் 40 மாணவர்கள். 40 வீடு, 240 பை. ஒவ்வொரு வீட்டிலும் எந்தப் பைக்குப் பொட்டலம் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்து, எல்லாருடைய எடையையும் ஒரே பலகையில் எழுதினால், நோஞ்சான் செடிகள் இரண்டு பக்கமும் பங்காகிவிடும். அப்போது வரும் விடைக்கு மதிப்புண்டு. தோட்டக்கலை அலுவலர்கூட அதைக் கேட்டுக்கொள்வார். தனி ஒருவன் பரிசுக்காகச் செய்யும் ‘புராஜெக்ட்’ இந்த இடத்தில் பயன்படாது; வகுப்பே சேர்ந்து செய்தால்தான் ஆகும்.

ஆகவே இரண்டு யோசனைகள். அரசு இத்தகைய தொகுப்பைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கும்போது, அளவுக்குவளை ஒன்றும், வெப்பமானி ஒன்றும், கோடு போட்ட நோட்டு ஒன்றும் சேர்க்க வேண்டும். ஒரு வகை விதையைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. எத்தனை தொகுப்பு கொடுத்தோம் என்ற கணக்கோடு, எத்தனை நோட்டு திரும்பி வந்தது என்ற கணக்கும் இருக்கட்டும். இரண்டாவது, அறிவியல் ஆசிரியர்கள் அந்த நோட்டைச் செய்முறைப் பதிவேட்டுக்குச் சமமாக ஏற்க வேண்டும். வராத காயையும் வராத முடிவையும் உள்ளபடி எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

தணிகை மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோட்டிலும் நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, காலை எடை, மாலை எடை, ஊற்றிய நீர், மூன்று மணி வெப்பம், மழை உண்டா இல்லையா, பறித்த காயின் எடை. எங்கள் பகுதியில் ஆடி, ஆவணியில் மாலை இடிமழையும் உண்டு, ஐப்பசியில் பருவமழையும் உண்டு. எந்தக் காய்க்கு எந்த மாதம் என்று இந்த ஊருக்கான ஓர் அட்டவணை போட, ஒரு வகுப்பின் மூன்று ஆண்டு நோட்டுகள் போதும் என்று நினைக்கிறேன்.

வரும் ஆடியில் தொடங்கலாம். எல்லா வீட்டிலும் தராசு வாங்க வேண்டியதில்லை. வகுப்புக்கு இரண்டு தராசு வாங்கி, தெருவுக்குத் தெரு முறை வைத்துச் சுற்ற விடுங்கள். புறப்படுமுன் இரண்டிலும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டு, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.